குளத்துக்குப் போன தண்ணீர்

அத்தியாயம் 12

போன வாரம் சின்னவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனான் அல்லவா? தட்டு இருந்த இடத்தில் மேஜைமேல் வட்டமாக ஒரு கறை இன்னும் இருக்கிறது. ஈரத்துணியால் ஒரு இழு இழுத்தால் போய்விடும். துடைக்க வேண்டியவர்கள் எல்லோரும் களைத்துப் போயிருந்தார்கள்.

இடையில் ஒரு வாரத்தைத் தவறவிட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்த வீட்டின் மூத்தவள் தவளை வளர்க்கிறாள். பொழுதுபோக்குக்காக அல்ல, அதுதான் வேலை. ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் இருக்கும் ஆய்வு நிலையத்தில், வெளியுலகில் இனி இல்லை என்று கைவிடப்பட்ட ஒரு தவளையின் கடைசி வம்சத்தைத் தொட்டிகளில் வைத்துக் காப்பாற்றுகிறாள். அதன் பெயர் மஞ்சள் தொடையான்.

அவளுடைய தம்பி, அதாவது சின்னவன், நிலம் அளக்கிறவன். நெடுநாள் வேலையில்லாமல் வீட்டுக் கூரையை அளந்துகொண்டிருந்துவிட்டு இந்த வருஷம்தான் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சேர்ந்தான். அந்த நிறுவனம் ஊரின் பழைய குளத்தை மூடிப் பேருந்துப் பணிமனை கட்டப் போகிறது.

கட்டுவதற்கு முன்னால் ஆய்வு நிலையம் அந்தக் குளத்துத் தண்ணீரை எடுத்து வடிகட்டிச் சோதித்தது. ஒரு உயிர் தண்ணீருக்குள் இருந்தால் தோல், சளி, எச்சம் என்று எதையாவது விட்டுச் செல்லும். உயிரைக் கண்ணால் பார்க்காமலே, அந்த மரபணுத் தடயத்தை வைத்து அது இருக்கிறதென்று சொல்லிவிடலாம். குளத்துத் தண்ணீரில் மஞ்சள் தொடையானின் தடயம் இருந்தது. செய்தித்தாளில் படம் வந்தது. வேலை நின்றது. மறு உத்தரவு வரும்வரை வீட்டில் இருக்கும்படி சின்னவனிடம் சொல்லிவிட்டார்கள். அக்காவும் தம்பியும் பேசி ஒரு வாரமாகிறது.

நாளைக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். இன்று அதற்கு முந்தைய நாள்.

காலையில் மூத்தவள் பின்வாசல் குழாயடியில் உட்கார்ந்து கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். இந்தக் கேன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தவளைத் தொட்டிகளிலிருந்து மாற்றிய தண்ணீரை அப்படியே வெளியே விடக்கூடாது. குளோரின் தொட்டியில் ஊற்றி, அதில் இருக்கிறதையெல்லாம் சாகடித்த பிறகுதான் விடவேண்டும். வெயில் காலம் தொடங்கியபோது அந்தக் குளோரின் தொட்டி பழுதாகிவிட்டது. இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று மெக்கானிக் இழுத்தடித்தார். அதுவரை நீர்நிலை எதுவும் இல்லாத இடத்தில், காய்ந்த மண்ணில் ஊற்றிக்கொள்ளலாம் என்று நிலையத்தில் முடிவு செய்தார்கள். நிலையத்தைச் சுற்றியோ ஓடை. அதனால் மூத்தவள் தன் பங்குத் தண்ணீரை ஸ்கூட்டரில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தாள்.

இந்த வீட்டில் அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. அப்பா நகராட்சி பம்ப் ஹவுஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் தண்ணீருக்கு ஓய்வே கிடையாது. காய் கழுவிய தண்ணீர் தரை துடைக்கும். துணி அலசிய கடைசித் தண்ணீர் கழிவறைக்குப் போகும். குளித்த தண்ணீருக்குக்கூட ஒரு வாளி காத்திருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் சின்னவன் மனைவி இதைப் பார்த்துவிட்டு, "இந்த வீட்ல மாமாவுக்கு பென்ஷன் வருது, தண்ணிக்குத்தான் வரல" என்று சொன்னாள். அப்பா ரொம்ப நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கேன் தண்ணீரைத் தெருவோர மரத்தடியில் ஊற்றும் பொறுப்பையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூத்தவள் கேனின் அடிப்பக்கம் விரலை ஓட்டியபோது ஏதோ ஒட்டிக்கொண்டது. பார்த்தாள். பொட்டு அளவுக்கு ஒரு பச்சை இலை. அதன் கீழே மயிரிழை மாதிரி ஒரு வேர். குளத்தின்மேல் பாய் விரித்த மாதிரி மிதக்குமே, அந்த இலை. நிலையத்தில் அது கிடையாது. மரத்தடியில் முளைக்காது. கேன் போய்வருவது அந்த இரண்டு இடங்களுக்கும்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் அந்த இலையை விரலிலிருந்து உதறவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள். குழாய் திறந்தபடி இருந்தது. இந்த வீட்டில் குழாய் சும்மா ஓடுவது பெரிய விஷயம். அந்தச் சத்தம் அப்பாவுக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் உடம்புக்குத் தெரிந்துவிடும் போல, எழுந்து வந்து குழாயை மூடினார்.

"அப்பா, இந்தத் தண்ணியை எங்க ஊத்தறீங்க?"

"ஆங்?"

அப்பாவின் காது பம்ப் ஹவுஸ் மோட்டார்களோடு போய்விட்டது. அவரிடம் ரகசியம் பேச முடியாது. பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். மூத்தவள் குரலை உயர்த்தினாள்.

"கேன் தண்ணிப்பா. எங்க ஊத்தறீங்க?"

"மரத்தடியிலதான்" என்றார் அப்பா. கேனை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "முன்னாடி" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"இப்போ?"

"எதிர்வீட்டுக்காரன் சண்டைக்கு வந்துட்டான்மா. கார் டயர்ல சேறு ஒட்டுதாம். அப்புறம் நான் வாக்கிங் போறப்ப கையோட எடுத்துட்டுப் போய் குளத்துல ஊத்திடறேன். படிக்கட்டுப் பக்கமா."

"எப்பலேர்ந்து?"

"வெயில் ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லேர்ந்து. குளமும் வத்திப் போய்க் கெடக்கு, பாவம்." அப்பா கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "வேலைல இருந்த வரைக்கும் அதுலேர்ந்து எடுத்துக்கிட்டேதான் இருந்தேன். ஊருக்கே எடுத்துக் குடுத்தேன். ஒரு கேனாவது திருப்பிக் குடுப்போமேன்னு பாத்தேன்."

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். காது போனவர்கள் முகம் பார்ப்பதில் கெட்டிக்காரர்கள்.

"தப்பா?"

தப்பு என்று அப்பாவிடம் சொல்ல வேண்டுமானால் கத்தித்தான் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைக் கத்திச் சொல்லும் தெம்பு அவளிடம் இல்லை. தலையைப் பொதுவாக அசைத்தாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அப்பா தனக்குச் சௌகரியமானதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சமையலறை ஜன்னலில் சின்னவன் மனைவி நின்றிருந்தாள். கையில் பாதி உரித்த முட்டை. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று கேட்கத் தேவையில்லை. அப்பாவிடம் பேசியது அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். எதில் எது கலந்தால் என்ன ஆகும் என்பது அவளுக்கு விளங்காத விஷயமில்லை.

"அண்ணி" என்றாள் மெதுவாக. "அந்தப் படத்துல இருந்த மண்ணாங்கட்டி, நம்ம வீட்டு கேன்லேர்ந்துதான் வந்ததா?"

செய்தித்தாளில் வந்த தவளைப் படத்தை அவள் மண்ணாங்கட்டி என்றுதான் சொல்வாள். பேரில் மஞ்சளை வைத்துக்கொண்டு இப்படிச் சேற்று நிறத்தில் உட்கார்ந்திருக்கிறதே என்று போன வாரமே கேட்டிருந்தாள். சண்டை நடந்துகொண்டிருந்த வீட்டில் அதற்கு விளக்கம் சொல்ல மூத்தவளுக்கு மனம் வரவில்லை.

"தவளை வரல. அதோட தடயம் போயிருக்கலாம்" என்றாள் மூத்தவள் இப்போது.

சின்னவன் மனைவி முட்டையின் மீதி ஓட்டை உரித்து முடித்தாள். உள்ளறையில் அவள் கணவன் மின்விசிறிச் சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பி ஒரு வார்த்தை சொன்னால் போதும். மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

"நான் எதுவும் கேக்கல" என்றாள். "நான் போய்ச் சொன்னா நாத்தனாரைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். நீங்களா சொன்னா சொல்லுங்க. சொல்லலைன்னா..." அவள் முடிக்கவில்லை. மூத்தவள் கையில் முட்டையை வைத்துவிட்டு, "இதையாவது தின்னுட்டுப் போங்க" என்று ஜன்னலைச் சாத்தினாள்.

ஸ்கூட்டரில் போகும் வழியெல்லாம் மூத்தவளுக்குச் சிரிப்பு வருவதுபோல் இருந்தது. வரவில்லை.

தண்ணீர் எடுக்கப் போன நாளில் அவளைக் குளத்துப் பக்கமே விடவில்லை. தவளைகளைத் தொட்டுப் புழங்குகிறவள் கூட வந்தால் அவள் கையிலோ காலணியிலோ ஒட்டிய தடயம் குளத்தில் கலந்துவிடும் என்பது விதி. எடுக்கப் போனவர்கள் புதுக் கையுறை, புது பூட்ஸ், புது பாட்டில் என்று மாப்பிள்ளைகள் போலக் கிளம்பிப் போனார்கள். மூத்தவள் நிலையத்து வாசலில் நின்று கையசைத்தாள். வேறெங்கேயும் கலப்படம் ஆகவில்லை என்று சரிபார்க்க, சுத்தமான தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துப்போய் அதையும் சோதித்தார்கள். எல்லாம் சரியாகவே நடந்தது. யார் மேலும் குறை சொல்ல முடியாது.

அவள் குளத்துக்குப் போகவில்லை. அவளுடைய தண்ணீர் நாள் தவறாமல் நடந்து போயிருந்தது. எடுக்கப் போனவர்கள் எங்கே இறங்கி எடுத்தார்கள்? இறங்க வசதியான இடத்தில்தான். படிக்கட்டுப் பக்கத்தில்.

தவளை அறைக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே நுழைந்தால் ஈரத் துணியை முகத்தில் போட்ட மாதிரி இருக்கும். மூத்தவள் காலணியை மாற்றி, கையை அலசி, வரிசையாகத் தொட்டிகளின் மூடிகளைத் திறந்தாள். பூச்சி போட வேண்டியவற்றுக்குப் பூச்சி. தண்ணீர் மாற்ற வேண்டியவற்றுக்குத் தண்ணீர். குளிரூட்டி முனகிக்கொண்டிருந்தது. எந்தக் கவலை இருந்தாலும் இந்த வேலைகளை முதலில் முடித்துவிட வேண்டும். தவளைகள் மனிதர்களின் சண்டை தீரும்வரை பட்டினி கிடப்பதில்லை.

மூலைத் தொட்டியில் ஒன்று, அவள் கை நிழல் பட்டதும் தாவியது. தாவிய அந்த ஒரு கணத்தில் அதன் தொடை உள்பக்கம் பளிச்சென்று மஞ்சளாகத் திறந்து மூடியது, இருட்டு அறையில் யாரோ தீக்குச்சி கிழித்து உடனே ஊதி அணைத்த மாதிரி. மறுபடி உட்கார்ந்ததும் அது மண்ணாங்கட்டிதான். உட்கார்ந்திருக்கும்போது அந்த மஞ்சள் வெளியே தெரியாது. எந்தப் படத்திலும் வந்ததில்லை. படமெடுக்க வந்தவர்கள் எல்லோரும் அது அசையாமல் இருக்கும் நேரம் பார்த்துத்தான் எடுத்தார்கள். ஆபத்து வந்தால் மட்டும் காட்டுகிற நிறம் அது. பாம்போ பறவையோ ஒரு நொடி திகைக்கும். அதற்குள் தவளை வேறிடத்தில் மண்ணாகிவிடும்.

மூத்தவள் மூடியைப் பாதி சாத்தினாள். முழுக்கச் சாத்தினால் அது சாப்பிடாது. இதெல்லாம் அவளுக்கு மட்டும் தெரிந்த அதன் கெட்ட பழக்கங்கள்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று அவள் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நினைத்தாள். குளம் பிழைக்கும். அப்பா நடக்கப் போகும் இடம் பிழைக்கும். தவளை இல்லாவிட்டாலும் அங்கே மீன்கொத்தி இருக்கிறது, நாரை இருக்கிறது, பேர் தெரியாத எவ்வளவோ இருக்கின்றன. அவற்றைக் காட்டிக் கேட்டால் யாரும் ஒரு நாளும் வேலையை நிறுத்தியிருக்க மாட்டார்கள். பொய்யான ஒரு தடயம் உண்மையான ஒரு குளத்தைக் காப்பாற்றினால் யாருக்கு நஷ்டம்? தம்பிக்கு மட்டும்தான். தம்பி வேறு வேலை தேடிக்கொள்ளட்டும்.

ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. மஞ்சள் தொடையான் அந்தக் குளத்தில் வாழ்கிறது என்று நிரூபணமானதால், இங்கே தொட்டியில் வளர்ந்தவற்றை அடுத்த மழையில் அங்கே கொண்டுபோய் விடுவது என்று திட்டம் போட்டிருந்தார்கள். அங்கே வாழ்கிறது என்றால் வாழ முடியும் என்றுதானே அர்த்தம்? வாழவே இல்லை என்றால்? எந்த நோயோ எந்த விஷமோ அவற்றை முன்பு அழித்தது என்று யாருக்கும் தெரியாது. அது இன்னும் அங்கேயே இருந்தால்? பெட்டிகளில் ஈரப் பாசி வைத்து, இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தத் தண்ணீரில் இறக்கிவிடப் போவது அவள் கைதான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு நிலையத் தலைவியின் அறைக்குப் போனாள்.

மேடம் மறுநாள் கூட்டத்தில் பேசவேண்டியதைத் தயார் செய்துகொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே மேஜையில் தேடினார். இந்த ஒரு வாரத்தில் அவர் குரல் கரகரத்துப் போயிருந்தது. எல்லோருக்கும் பேட்டி கொடுத்துக் கொடுத்து வந்த கரகரப்பு.

மூத்தவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பச்சை இலையிலிருந்து தொடங்கி, எதிர்வீட்டுக்காரர் கார் டயர், அப்பாவின் நடை, படிக்கட்டு என்று ஒழுங்காகச் சொல்லி முடித்தாள். சொல்லச் சொல்ல அது ஒரு சிரிப்புக் கதை மாதிரி இருப்பது அவளுக்கே கேட்டது. மேடம் சிரிக்கவில்லை.

"உன் தம்பி அந்த கம்பெனியிலதானே இருக்கான்?"

"ஆமாம் மேடம்."

"நாளைக்கு நான் இதைச் சொன்னா, எல்லாரும் என்ன சொல்லுவாங்கன்னு தெரியும்ல?"

"தம்பிக்காக மாத்திச் சொல்றேன்னு சொல்லுவாங்க."

"எனக்கே ஒரு நிமிஷம் அப்படித்தான் தோணுச்சு" என்றார் மேடம். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மறைக்கும் அளவுக்குத் தெம்பு இல்லாததால் சொல்லிவிட்டார். நாற்காலியில் சாய்ந்து, தலையில் இருந்த கண்ணாடி கையில் தட்டுப்பட்டதும் அதை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பிறகு ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்தார். மூத்தவள் நின்றுகொண்டிருந்தாள். மேடம் பேசி முடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். இதுவரை பார்த்தது மஞ்சள் தொடையானின் தடயம் உண்டா இல்லையா என்று மட்டும்தான். இன்னும் நெருக்கமாகப் பார்க்க வழி இருக்கிறது. நிலையத்துத் தவளைகள் அத்தனையும் ஒரே தாயின் வழியில் வந்தவை. அந்தத் தாய்வழி அடையாளம் பதிவில் இருக்கிறது. குளத்தில் கிடைத்த தடயம் அதே வழி என்றால் கேனிலிருந்து போனது. வேறு வழியும் கலந்திருந்தால், குளத்தில் நிஜமாகவே ஒன்று இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்துச் சொல்லச் சில நாட்களாகும். கூட்டம் நாளைக்கு.

"அப்ப நாளைக்கு?" என்றாள் மூத்தவள்.

"நாளைக்கு சோதனை முடிவை நிறுத்தி வெச்சிருக்கோம்னு சொல்லணும். சொன்னதும் கம்பெனிக்காரங்க அனுமதி வாங்கிட்டுப் போயிடுவாங்க. நம்ம பதில் வர்றதுக்குள்ள லாரி மண் கொட்டியிருக்கும்." மேடம் கையை நீட்டினார். "சாவியைக் குடுத்துட்டுப் போ. விசாரணை முடியற வரைக்கும் நீ அந்த ரூமுக்குள்ள போகக் கூடாது. உன்னைத் தண்டிக்கறதா நெனைக்காதே. தொட்டித் தண்ணி குளத்துக்குப் போயிருக்கு, அதுல வேற ஏதாவது கிருமி போச்சான்னும் பாக்கணும்."

சாவி நைலான் கயிற்றில் கோர்த்து அவள் கழுத்தில் கிடந்தது. கழற்றும்போது கயிறு முடியில் சிக்கியது. மேடம் எழுந்து வந்து தானே சிக்கை எடுத்துவிட்டார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தலையோடு தலை முட்டும் அளவுக்கு நெருங்கி நின்றார்கள்.

"மூலைத் தொட்டி மூடியைப் பாதிதான் சாத்தணும்" என்றாள் மூத்தவள். "முழுசா சாத்தினா அது சாப்பிடாது."

"சொல்லிடறேன்."

வீட்டுக்கு அவள் சாயங்காலம்தான் போனாள். இடையில் எங்கே இருந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் ஸ்கூட்டரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். வந்த பேருந்துகள் அவளுக்காக நின்று, அவள் ஏறாததைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு போயின.

செய்தி அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. மேடம் முறைப்படி நிறுவனத்துக்கும் தகவல் சொல்லியிருக்கிறார். நிறுவனத்திலிருந்து சின்னவனுக்குப் போன் வந்திருக்கிறது, கூட்டம் முடிந்த கையோடு வேலை தொடங்கும், கருவிகளைத் தயாராக வைத்துக்கொள் என்று.

அவள் உள்ளே நுழைந்தபோது சின்னவன் மேஜையருகில் நின்றிருந்தான். ஒரு வாரத்தில் முதல்முறையாக அவள் கண்ணைப் பார்த்தான். அவன் மனைவி அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு இந்தப் பக்கம் திரும்பாமல் நின்றாள். அப்பா தன் நாற்காலியில் இருந்தார். வீட்டில் ஏதோ நடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. என்ன என்பது இன்னும் அவர் காதுக்கு எட்டவில்லை.

"அக்கா" என்றான் சின்னவன். குரல் சின்ன வயதுக் குரல் மாதிரி இருந்தது. "எனக்காகவா சொன்னே?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். தம்பி திரும்பக் கிடைப்பான். நாளைக்கு ஊர் சொல்லப்போவதும் அதுதான். ஊரே நம்பப்போகிற ஒன்றைத் தம்பி மட்டும் நம்பாமல் போவானேன்? அவள் களைப்பெல்லாம் அந்த ஒரு சொல்லின்மேல் தலை சாய்க்கப் பார்த்தது.

"இல்லடா" என்றாள். "தவளைக்காக. அங்க அது இல்லைன்னா, இருக்கறதைக் கொண்டுபோய் விட்டுக் கொன்னுடுவோம். அதான்."

சின்னவன் தலையாட்டினான். "அதானே. ஒரு வாட்டியாவது எனக்காகன்னு எதையாவது பண்ணித் தொலைச்சுடுவியோன்னு பயந்துட்டேன்."

"ஏங்க" என்றாள் அவன் மனைவி திரும்பாமலே. "அண்ணி கழுத்தைப் பாருங்க."

அவன் பார்த்தான். எப்போதும் கயிறு கிடக்கும் இடத்தில் கயிறு இல்லை. தவளை அறைச் சாவி இல்லாமல் அக்காவை அவன் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது. குளிக்கப் போகும்போதுகூட அதைக் குழாயில் மாட்டிவிட்டுப் போவாள்.

"பிடுங்கிட்டாங்களா?"

"குடுத்தேன்."

சின்னவன் திரும்பினான். பின்வாசலுக்குப் போனான். நாளைக்குத் தேவைப்படும் கருவிகளைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தான். அளவைக் கருவியின் முக்காலியை எடுத்து வைத்து, அதன் கால்களில் காய்ந்து கிடந்த குளத்துச் சேற்றைச் சுரண்டினான். மூத்தவள் ஈரத்துணி ஒன்றை எடுத்துவந்து மேஜைமேல் இருந்த வட்டக் கறையைத் துடைத்தாள். வேறு செய்வதற்கு ஒன்றும் தோன்றவில்லை. பின்வாசல் திறந்திருந்ததால் தம்பியின் முதுகு தெரிந்தது. சுரண்டிய இடத்தையே மறுபடி மறுபடி சுரண்டிக்கொண்டிருந்தான்.

அப்பா எழுந்து பின்வாசலுக்கு வந்தார். கவிழ்த்து வைத்த கேன்களைப் பார்த்தார். இன்று தண்ணீர் வரவில்லை என்பதை அவர் கவனித்துவிட்டார். வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா" என்றான் சின்னவன், திரும்பாமல். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. "அது தாவுறப்ப மட்டும்தானே அந்த மஞ்சள் தெரியும்? தொடைக்கு உள்பக்கம்?"

துணி அவள் கையில் நின்றது.

"பளிச்சுனு" என்றான். "வந்துட்டு உடனே போயிடும்."

"யாருடா சொன்னா உனக்கு?"

வீட்டில் அவள் யாரிடமும் சொன்னதில்லை. படத்தில் வந்ததில்லை. அந்த அறைக்குள் அவன் ஒரு நாளும் வந்ததில்லை.

"மொத வாட்டி சர்வேக்குப் போனப்ப" என்று தொடங்கினான் சின்னவன். நிறுத்தினான். மறுபடி தொடங்கினான். "படிக்கட்டுப் பக்கம் இல்ல. அந்தக் கோடியில, பாறை இருக்குல்ல, வாய்க்கால் வந்து விழற எடம். முக்காலியை ஊன்றேன், காலுக்குக் கீழேர்ந்து ஒண்ணு. அப்ப எனக்கு அது என்னன்னு தெரியாது. பேப்பர்ல பேரைப் படிச்சப்பதான்..."

முதல் அளவை நடந்தது வெயில் தொடங்குவதற்கு முன்னால். அப்போது குளோரின் தொட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கேன்கூட இந்த வீட்டுக்கு வந்ததில்லை. மூத்தவள் துடைத்த கறை இருந்த இடத்தைப் பார்த்தாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவன் கோபத்தில்தான் போனான் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அடுப்பருகில் அவன் மனைவி கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். நாளைய கூட்டமும், அக்காவுக்குப் போன வேலையும், தம்பிக்கு வந்த வேலையும் மூவர் மனசிலும் ஒரே நேரத்தில் ஓடின.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த அப்பா மகனின் முகத்தையும் மகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சொல்றான் அவன்?" என்றார், தெருக்கோடி வரை கேட்கும் குரலில். "சத்தமா சொல்லச் சொல்லு."